ஒரு நெல் அகலம்

786

லப்பைக்குடிக்காடு,
10.07.2025, வியாழன்

அன்பு மகன் சஃப்வானுக்கு அம்மா ஷரீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. உன் அத்தா சவூதியில் இருந்த பதினாறு வருடமும் அப்படியே எழுதிப் பழகிய கை. உனக்கு மஞ்சள் காமாலை வந்த வாரத்தில்கூட எல்லாரும் சுகம் என்றுதான் எழுதினேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஐந்து நேரம் தொழுகிறேன். மருமகள் அஸ்ரின் சுகம். உன் மகள் ஃபைஸா அங்கன்வாடிக்குப் போகும்போது அழுகிறாள், கூட்டிவரப் போனால் வர மாட்டேன் என்று அழுகிறாள். சுகமில்லாதது இரண்டுதான். ஒன்று என் இடது மார்பு, இன்னொன்று நீ.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பதினெட்டு நாளாக நீ போனில் பேசும் லட்சணம் எனக்குத் தெரியும். "சாப்டீங்களாம்மா" என்கிறாய். சாப்பிட்டேன் என்கிறேன். "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். முகத்தைக் காட்டு என்றால் நெட் சரியில்லை என்கிறாய். தம்மாமில் மூன்று வருடமாக ஒழுங்காக இருந்த நெட் இந்தப் பதினெட்டு நாளில் கெட்டுப்போயிற்று என்றால் ஃபைஸாகூட நம்ப மாட்டாள். பக்கத்துத் தெரு அஸ்ஃபாக் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான் என்று தெரிந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய துண்டுக்குள் இது இருக்கும். ஊறுகாய் ரூமில் இருக்கும் எட்டுப் பேருக்கும், கடிதம் உனக்கு மட்டும்.

அஸ்ரின் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் பிடுங்கினேன். இத்தாவில் இருக்கிற பெண் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நீயே பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கேட்டாயாம். வைத்தியத்துக்குப் போகத் தடை ஏதும் கிடையாதே தம்பி, அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து இந்தப் பதினெட்டு நாளும், "நாந்தான் அம்மாவ வூட்டுக்குள்ள அடச்சு வச்சு அத வளர வுட்டுட்டேன்" என்று அஸ்ரினிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாயாம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடப் போகிறேன் என்றும் சொன்னாயாம்.

நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. ஜனவரியில் உன் அத்தா மௌத்தானார். உனக்கு லீவு கிடைக்கவில்லை. கப்ரில் மண் போடுவதைத் தெருப் பையன் ஒருவன் போனில் பிடித்துக் காட்ட, நீ அங்கே வேலை செய்யும் இடத்தில் நின்றுகொண்டு பார்த்தாய். அதற்குப் பிறகு அத்தாவுக்காக நீ செய்வதற்கு என்ன மிச்சம் இருந்தது? என் இத்தா ஒன்றுதான் இருந்தது. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்ற அந்த ஒன்றை நீ அங்கிருந்தபடியே காவல் காத்தாய். ஒரு நாள் விடாமல், "வாசலத் தாண்டலியேம்மா" என்று கேட்பாய். எனக்குச் சிரிப்பும் வரும், உன் மேல் பாசமும் பொங்கும்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று அஸ்ரினிடம் சொன்னேன். அவள் உன்னிடம் சொன்னாள். "இன்னும் தொண்ணூறு நாள்தானே, இத்தா முடியட்டும், முடிஞ்ச மொத நாளே கூட்டிட்டுப் போயிடு" என்றாய். நானும் சரி என்றேன். உன்னை மட்டும் என்ன சொல்வது? ஹஜ்ரத் வீடு நம் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அந்த நாலு வீட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.

இனி ஆஸ்பத்திரி விஷயம். பெரம்பலூரில் உன் அத்தாவுக்கு டயாலிசிஸ் செய்த அதே ஆஸ்பத்திரிதான். ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்து போன வாரம் ரிப்போர்ட்டைப் பார்க்க டாக்டரம்மா கூப்பிட்டார். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேரை உள்ளே விட்டுவிடுகிறார்கள். என்னோடு வந்தவள் பாப்பாத்தி, பூலாம்பாடிப் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. அவளுக்கும் எனக்கு வந்த அதே வியாதி.

டாக்டரம்மா பேச ஆரம்பித்ததுமே பாப்பாத்தி இடையில் புகுந்து, "டாக்டரம்மா, இது எத்தன நாள் பயிருங்க? அறுவது நாளா, நூத்திருவது நாளா?" என்று கேட்டாள். நான் டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்காகவே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

கேன்சர் என்று பேர் ஒன்றுதானாம், வேகம் ஒன்று இல்லையாம். சிலது வாரக் கணக்கில் இருமடங்காகும், சிலது வருடக் கணக்கில் அசையாமல் கிடக்கும். மார்பில் வருவதிலேயே பல ஜாதி உண்டு. சின்ன வயதுப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ஓட்டமாக ஓடும். எனக்கு வந்திருப்பது பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. அது கொஞ்சம் நிதானமான வகையாம். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை கொடுத்து அதற்குத் தீனி கிடைக்காமல் செய்ய முடியும் என்றார். ரிப்போர்ட்டில் பன்னிரண்டு சதவீதம் என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அஸ்ரின் உன்னிடம் சொல்லிப் பயந்தாளே, அது வேறொன்றும் இல்லை. நூறு செல்லை எடுத்துப் பார்த்தால் அதில் பன்னிரண்டுதான் பெருகும் வேலையில் இருக்கிறது, மற்றது சும்மா இருக்கிறது என்று அர்த்தமாம். அந்த எண் கூடக் கூட வேகம் கூடும்.

இன்னொன்றும் சொன்னார். ஒரே ஒரு செல்லில் தொடங்கி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்படி முப்பது தடவை ஆன பிறகுதான் அது கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வருமாம். எனக்குள் அது பத்து வருடமாகக்கூட இருந்திருக்கலாம் என்றார். பத்து வருடம் முன்பு நீ ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தாய். காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் எரிந்து விழுவாய். அப்போதே அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது பார்.

நான் நேராகவே கேட்டேன். தொண்ணூறு நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டேனே, அதனால் எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று கேட்டேன். இந்த வகை இருமடங்காக நாலைந்து மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும், உங்களுக்கு இத்தனை நாள் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் ஸ்கேலை எடுத்து மேசை மேல் வைத்துக் காட்டினார். இரண்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிற கட்டி அந்தத் தொண்ணூறு நாளில் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருக்கலாம், அவ்வளவுதான் என்றார். பாப்பாத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நெல்லு அகலங்க்கா. இதுக்கா இந்த மூஞ்சிய வச்சிருக்க" என்றாள்.

நாலைந்து மாதத்தில் இருமடங்காகிற கட்டி மூன்று மாதத்தில் எப்படி ஒரு நெல் அகலம் மட்டும் கூடும் என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவை எடுத்தேன். ஒரு பங்கில் ஒரு உருண்டை, இரண்டு பங்கில் ஒரு உருண்டை பிடித்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு மடங்கு மாவு போட்ட உருண்டை பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அஸ்ரின் வந்து பார்த்துவிட்டு, மாமிக்கு மாவில் விளையாடும் வயதாகிவிட்டது என்று ஃபைஸாவிடம் சொன்னாள். அவளுக்கும் விளக்கிச் சொன்னேன். பிறகு மூன்று பேரும் அந்தக் கேன்சரை வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டோம்.

இந்தக் கடிதத்தின் மூலையில் ஒரு நெல்லை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கோழிக்கு வைத்திருந்ததில் எடுத்தது. நீளத்தைப் பார்க்காதே, அகலத்தைப் பார். உன் பேச்சைக் கேட்டு நான் உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் அளவு. இதற்காக வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். ஆபரேஷன் முடிந்து மாத்திரை தொடங்கியதும் உனக்கு முறையாக வரும் லீவில் வா.

அல்லாஹ் உனக்கு நல்ல தூக்கத்தையும் தெளிந்த மனதையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பாசமுள்ள அம்மா,
ஷரீபா

---

13.07.2025, ஞாயிறு

சஃப்வான்,

மேலே உள்ளதை வியாழக்கிழமையே ஒட்டி அஸ்ஃபாக்கின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று அஸர் தொழுதுவிட்டுப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். உப்பு குறைந்துவிட்டது, ஊறுகாயில் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கினேன். குறைந்தது உப்பு இல்லை. எழுதியது எல்லாம் உண்மைதான், ஆனால் எழுத வேண்டியதை எழுதவில்லை.

நேற்று, ஆபரேஷன் செய்யப்போகிற திருச்சி ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது பாப்பாத்தியும் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நான் ரெண்டு வருசம் மூடி வச்சிருந்தேன்க்கா. மொதல்ல வெங்காயம் புடுங்கட்டும்னேன், அப்புறம் மவ கல்யாணம் முடியட்டும்னேன். நீ எதுக்கு மூடி வச்ச?" என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் இத்தாவைச் சொன்னேன். தன் ஊரில் புருஷன் செத்தவளை மூலையில் உட்கார வைப்பார்களே அதுபோலவா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது தொண்ணூறு நாளு. அதுக்கு முன்னாடி?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். அவள் ஒரே வாயில் அதை வெளியே எடுத்துவிட்டாள்.

மகனே, அந்தக் கட்டியை நான் இத்தாவில் பார்க்கவில்லை. போன வருடம் பிப்ரவரியில், உன் அத்தாவைக் குளிப்பாட்டத் தூக்கும்போது அவர் முழங்கை என் மார்பில் இடித்தது. வலித்த இடத்தைத் தடவிப் பார்த்தபோது கொண்டைக்கடலை அளவில் ஒன்று இருந்தது. உன் அத்தா மௌத்தாவதற்குப் பதினோரு மாதம் முன்பு.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு நாள், நாலு மணி நேரம், நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எதிரே, இருபது அடி தூரத்தில், மார்பகப் பரிசோதனை அறை. வெளியே பச்சை போர்டு. அதில் மார்பகம் என்பதில் 'ர்' விட்டுப்போயிருக்கும். பதினோரு மாதம் அந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போகவில்லை. வாசலைத் தாண்டாதே என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

என்னையும் படுக்கப் போட்டுவிட்டால் அவரை யார் தூக்குவார்கள் என்பது ஒன்று. உன்னை வரச் சொல்லிவிடுவார்கள், உன் விசா போய்விடும் என்பது ஒன்று. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. உண்மையில் பயம். உள்ளே போனால் ஆம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

உன் அத்தாவுக்குத் தெரியும். இடித்த அன்றே என் முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும், "காட்டிட்டியா ஷரீபா" என்று கேட்பார். அடுத்த தடவை காட்டுகிறேன் என்பேன். ஜனவரியில் அவர் கடைசியாக நன்றாகப் பேசிய அன்றும் அதைத்தான் கேட்டார். காட்டிவிட்டேன், ஒன்றுமில்லையாம், வெறும் கொழுப்புக் கட்டியாம் என்று சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த நிம்மதியோடுதான் போனார். அவரிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன்.

அவர் போன பிறகு அதைத் தனியாக வைத்திருக்க முடியவில்லை. அதனால்தான் நாற்பதாம் நாள் கழிந்து அஸ்ரினிடம் சொன்னேன், ஏதோ நேற்றுத்தான் பார்த்தது போல. இத்தா முடியட்டும் என்று நீ சொன்னபோது எனக்கு வருத்தமாக இல்லை. இன்னும் தொண்ணூறு நாள் கிடைத்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. நீ என்னை அடைத்து வைக்கவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு நீ தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

இதை முன்பே சொல்லாமல் ஏன் உன்னை அழவிட்டேன் என்று கேட்பாய். மகன் பேச்சைக் கேட்டு இருந்தேன் என்றால் எல்லாரும் அய்யோ பாவம் என்கிறார்கள். நானே ஒன்றேகால் வருடம் மூடி வைத்தேன் என்றால் திட்டுவார்கள். அந்த அய்யோ பாவம் எனக்கு வேண்டியிருந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள், இந்தப் பெற்ற மனம் கொஞ்ச நாள் கல்லாக இருந்துவிட்டது. என்னை மன்னித்துக்கொள்.

டாக்டரம்மாவிடமும் நேற்று மாலை போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். வியாதி அக்குளில் ஒரு நெறிக்கட்டிக்கும் போயிருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்துவிடலாம், குணமாக்குவதற்குத்தான் செய்கிறோம், ஆனால் உள்ளே பார்த்த பிறகுதான் முழுதாகச் சொல்ல முடியும் என்றார். துக்கத்தால் கட்டி சீக்கிரம் வளர்ந்திருக்குமா என்று கேட்டேன். துக்கம் கட்டியை வளர்க்கும் என்று சொல்ல முடியாது, துக்கம் ஆளை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் செய்யும் என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆக, நெல்லை மட்டும் நீ வைத்துக்கொள். மற்றது முழுவதும் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு நீ அலையாதே.

அஸ்ரினுக்கு இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லப் போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஆபரேஷன் அடுத்த வாரம், 21ஆம் தேதி திங்கட்கிழமை, திருச்சியில். பாப்பாத்திக்கு அதற்கு மறுநாள். அவள் சிறுவாச்சூர் காளிக்கு எனக்கும் சேர்த்து வேண்டியிருக்கிறாளாம். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்குமாம், நீ கொடுத்து வைத்தவள், உன் வண்டி அந்த வழியாகப் போகும்போது அம்மா நடை திறந்திருப்பாள் என்கிறாள். அவளுக்காக நான் துஆ கேட்கிறேன். என்னுடையது எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொன்னேன், சிரித்தாள்.

உன்னிடம் எனக்கு ஒன்று வேண்டும். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வண்டி வரும். உனக்கு நாலரை மணி, ஃபஜ்ர் தொழுதுவிட்டு முழித்துத்தான் இருப்பாய். போன் செய். நெட் இருக்கிறதோ இல்லையோ, முகத்தைக் காட்டு. நூற்று முப்பது நாள் வாசலைத் தாண்டாதீங்க என்று நீ சொன்னதை நான் ஒரு நாளும் தட்டவில்லை. அன்று நான் போயிட்டு வரேன் என்று சொல்வேன். நீ உன் வாயால், "போயிட்டு வாங்கம்மா" என்று சொல். அதில் அந்த 'வாங்க'வை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல், ராஜா. அதைக் கேட்ட பிறகுதான் நான் வாசலைத் தாண்டுவேன்.

வஸ்ஸலாம்.

உன் போனுக்காக வாசலில் நிற்கப்போகும்
அம்மா